விதிகளில் இல்லாத விளக்கு

போட்டியின் விதிகள் ஒரே தாளில் அச்சாகியிருந்தன, ஒரு பக்கம் இங்கிலீஷிலும் மறுபக்கம் மலையாளத்திலும். பிற்காலத்தில் நான் அரசாங்கக் கச்சேரியில் உட்கார்ந்து, ஊரார் தலையில் விதிகளை ஏற்றும் வேலையையே ஓய்வு பெறும் வரை செய்தேன். ஆனால் அந்தத் தாளைப் படித்த கவனத்தோடு வேறு எதையும் படித்ததில்லை. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாவது பாரத்தில் படிக்கும், மணமாகாத பெண்கள் கலந்துகொள்ளலாம். பாட்டு, ஒப்பித்தல், தையல். பிறகு மேடையில் நடுவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில். கடைசியாக 'நடை, உடை, ஒழுக்கம்' என்று ஒரு தலைப்பு. அதற்கு எதைப் பார்த்து மார்க் போடுவார்கள் என்று எழுதியிருக்கவில்லை. எழுதாமல் விட்ட இடத்தில்தான் அதிகாரியின் அதிகாரம் குடியிருக்கிறது என்பதை நானே அதிகாரியான பிறகு தெரிந்துகொண்டேன்.

நடத்தியது திருவனந்தபுரத்தில் அப்போது இருந்த ஒரு மாதர் சங்கம். ஜெயிக்கிற பெண்ணுக்கு இன்டர்மீடியட் இரண்டு வருஷத்துக்கும் காலேஜ் சம்பளம், புத்தகம் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். எதையும் இரண்டு ஷரத்தாகப் பிரித்துச் சொல்வது அவர் வழக்கம். எனக்கும் அப்படித்தான் சொன்னார்.

"ஸ்காலர்ஷிப் கிடைச்சா படி. கிடைக்கலேன்னா கல்லிடைக்குறிச்சிக்கு எழுதிப் போட்டுடறேன்."

கல்லிடைக்குறிச்சியில் ஒரு ரயில்வே குமாஸ்தா இருந்தார். முதல் மனைவி தவறிப் போயிருந்தாள். அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து, என் பல்வரிசையையும் பின்னலின் நீளத்தையும் பார்த்துவிட்டு, பாட்டு எதுவும் வேண்டாம் என்று சொல்லிப் போனாள். பாடாமலே தேறிவிட்டேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதோடு இன்னொரு விஷயமும் இருந்தது. அதை வெளியே சொல்லக்கூடாது. எங்கள் வலியசாலைத் தெருவில், பெண் பெரியவளாவதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் அதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது என்று பேப்பரில் படித்து, எங்கள் தெருக்காரர்கள் நாம் சமஸ்தானத்தில் இருப்பது நல்லதாயிற்று என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் வரன் கிடைப்பது காலத்தைப் பொறுத்தது அல்லவா? ஆகவே கல்யாணம் ஆகாத பெண்கள் பெரியவளாகாமலே இருந்தார்கள். பதினான்கு, பதினைந்து, ஒரு வீட்டில் பதினேழு வயது வரைக்கும்கூட இருந்தார்கள். கேட்டால் சத்துக் குறைவு என்று பதில் வரும். கேட்டவளும் தலையை ஆட்டிக்கொண்டு, உளுந்துக் களி கிண்டிக் கொடு என்பாள்.

நான் பெரியவளாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தெரிந்தது அம்மாவுக்கு மட்டும். மற்ற வீடுகளில் கல்யாணமான பெண்கள் மாதத்தில் மூன்று நாள் பின்கட்டு அறையில் ஒதுங்கி உட்கார, நான் அந்த மூன்று நாளும் ஒன்றும் நடக்காதவள்போல் வீட்டுக்குள் வளைய வரவேண்டும். பூஜை அறைப் பக்கம் நான் போகாதபடி அம்மா ஏதாவது வேலை வைப்பாள். அப்பாவிடம் அம்மா வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, வேறெதையோ பேசும்போது, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்:

"தெருவிலே ஒரு வார்த்தை வந்துதுன்னா, இவ படிப்பு அன்னியோட சரி."

என்ன வார்த்தை என்று யாரும் கேட்கவில்லை.

போட்டி நாள் வந்தது. அதற்கு முந்தின தினமே அம்மா பின்கட்டில் ஒதுங்கிவிட்டாள். அவளுக்கு அந்த உரிமை இருந்தது. அம்மா ஒதுங்கினால் சமையல் என்னுடையது. நான்தான் தெருவின் கணக்கில் 'கொழந்தை' ஆயிற்றே. மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து பார்த்தபோது, எனக்கும் வந்திருந்தது.

பின்கட்டு அறையின் வாசலில் போய் நின்று அம்மாவை மெதுவாகக் கூப்பிட்டேன். சொன்னேன். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை.

"குளிச்சுட்டுப் போய்ச் சமை."

"அம்மா, அப்பா நைவேத்தியம் பண்ணுவா."

"நீ சமைக்கலேன்னா ஏன்னு அப்பா கேப்பா. அவர் கரண்டியப் பிடிச்சா, எதிராத்து மாமி வந்து ஏன்னு கேப்பா. சுவாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். எதிராத்து மாமிக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

சமைத்தேன். அப்பா மணியடித்து, சாதத்தைச் சுவாமிக்குக் காட்டி, பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். ரசத்தில் உப்புக் குறைவு என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு வேறெதுவும் குறைவில்லை என்பதுபோல் இருந்தது அவர் சொன்னது. தீட்டோடு சுவாமி காரியத்தைத் தொட்டால் கண் அவிந்துபோகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அடிக்கடி ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

போட்டிக்கு வரும் பெண்ணோடு வயது வந்த ஸ்திரீ ஒருத்தி துணைக்கு வரவேண்டும் என்பது விதி. அம்மா வெளியே வரமுடியாது. அப்பா அந்த விதியைப் படித்ததும், எனக்குச் சொல்லாமல், எதிர்வீட்டு மாமியைக் கேட்டுவிட்டார். தெருவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் மறுநாளே மாமிக்குத் தெரியும். நடக்காததும் தெரியும். காரியத்தில் கெட்டிக்காரி, மனதில் பொல்லாதவள் என்றும் சொல்லமுடியாது. தகவல் அவளிடம் தங்காது, அவ்வளவுதான்.

வில்வண்டியில் சாலைக் கடைத்தெரு வழியாகப் போனோம். மாமி என் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, என் பாவாடைச் சரிகையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏண்டி இப்படி வெறைச்சுண்டு இருக்கே? ஆனைக்குட்டியாட்டம் ஒசந்துட்டே, பயத்தைப் பாரு. நன்னாப் பாடு, கேட்டியா. சாரமில்லை. தோத்தா என்ன, கல்லிடைக்குறிச்சி இருக்கு."

தீட்டோடு அவளைத் தொட்டுக்கொண்டிருந்தேன். விலகி உட்கார்ந்தால் ஏன் என்று கேட்பாள்.

மண்டபத்தின் பின்புறம் ஒரு நீள அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். பெரும்பாலும் மலையாளிப் பெண்கள், வெள்ளை உடை, விரித்துவிட்ட கூந்தல். சரிகைப் பாவாடையும் எண்ணெய் வழியும் பின்னலுமாக நான் ஒருத்திதான். பாட்டும் தையலும் காலையிலேயே அந்த அறையில் முடிந்துவிட்டன. இரண்டிலும் நான் மோசமில்லை என்று சங்கத்துச் செக்ரட்டரி அம்மாளின் முகம் சொல்லியது. மேடை நிகழ்ச்சி சாயங்காலம். ஜனங்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

அப்போது செக்ரட்டரி அம்மாள் உள்ளே வந்து கைதட்டினாள். தங்க பிரேம் கண்ணாடி, கணீரென்ற குரல்.

"குட்டிகளே, ஆத்யம் விளக்கு கொளுத்தணும். ஓரோருத்தரும் வந்நு சரஸ்வதி படத்தின்றெ முன்னில் ஓரோ திரி கொளுத்தி, தொழுது, பின்னெ மதி பாக்கி எல்லாம்."

ஒவ்வொரு பெண்ணாகப் போய்ச் சரஸ்வதி படத்தின் முன்னால் ஒரு திரி ஏற்ற வேண்டும். விதிகளில் இது கிடையாது. அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் மனதில் புரட்டிப் பார்த்தேன், கிடையவே கிடையாது. என் உத்தியோக காலத்திலும் பார்த்திருக்கிறேன், நிகழ்ச்சி நிரலில் இருப்பதால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. கடைசி நேரத்தில் ஒரு நல்ல மனிதருக்குத் தோன்றும் யோசனையால்தான் வரும்.

செக்ரட்டரி அம்மாள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "ஆரெங்கிலும் புறத்தாயிட்டுண்டோ? உண்டெங்கில் இப்போள் பறயணும். விளக்கு தொடண்டா, தொழுதாமதி."

விலக்காக இருப்பவர்கள் சொல்லிவிட்டால் போதும். விளக்கைத் தொடாமல் கும்பிட்டுவிட்டுப் போகலாம். இவ்வளவு எளிதான சலுகையை நான் அதற்குப் பிறகு எந்தச் சர்க்கார் உத்தரவிலும் கண்டதில்லை. என் பக்கத்தில் இருந்த சாஸ்தமங்கலத்து நாயர் பெண், நாடா முடிந்துகொண்டே கையைத் தூக்கினாள்.

"ஞான் புறத்தா, டீச்சரே. இன்னலே முதல்."

"சரி, நீ தொழுதாமதி. வேறெ ஆரெங்கிலும்?"

என் கை மடியில் கிடந்தது. அதைத் தூக்கியிருந்தால் அந்த அறையில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள், மாமி ஒருத்தியைத் தவிர. மாமி எனக்கு எதிரே சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, தாம்பூலத்தை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாயர் பெண் என் பக்கம் திரும்பினாள். "எனிக்குத் திரண்டப்போள் வீட்டில் வலிய சத்யயாயிருந்நு, கேட்டோ. ஆனை மாத்ரம் வந்நில்லா." அவள் பெரியவளானதற்கு வீட்டில் ஊரைக் கூட்டி விருந்து போட்டார்களாம். "நிங்ஙள்க்கு எப்போளாயிருந்நு?" எனக்கு எப்போது என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியின் குரல் வந்தது. "அவ கொழந்தையாக்கும். அவளுக்கு ஒண்ணும் ஆகலை."

அந்தப் பெண் தன்னைவிட ஒரு சாண் உயரமான என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். "கொழந்தையோ?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. தாம்பூலம் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு. அதற்குப் பின்னால் மாலை போட்ட படம். துணைக்கு வந்த ஸ்திரீகளுக்கு மேடையின் கீழே முதல் வரிசை. ஒவ்வொரு பெண்ணாகக் கைவிளக்கை வாங்கி, ஒரு திரியைப் பற்றவைத்து, கும்பிட்டு நகர்ந்தாள். நாயர் பெண் தள்ளி நின்று கும்பிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தது நான்.

செக்ரட்டரி அம்மாள் கைவிளக்கை நீட்டினாள். தொட்டால் சரஸ்வதி முன்னால் மகாபாவம். அவளிடம்தான் நான் படிப்பு கேட்டு வந்திருந்தேன். தொடாவிட்டால் இரவுக்குள் தெரு முழுதும் தெரியும், படிப்பு அன்றோடு சரி. காலையில் சமைத்தபோது அம்மா பதில் சொல்வதாக ஏற்றுக்கொண்டாள். இதற்கு நான்தான் சொல்ல வேண்டும். என் கை கொஞ்சம் உயர்ந்து, விளக்குக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது.

"எந்தா குட்டி? வாங்ஙு."

அப்போது முதல் வரிசையில் மாமி எழுந்து நின்றாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னாள்.

"அதுக்குத் தீயைக் கண்டா பேடியாக்கும், பயம். சின்ன வயசிலே பாவாடையிலே தீ பிடிச்சுது. ஓர்மை வந்துடுத்து, பாருங்கோ, வெறைக்கறது. விட்டுடுங்கோ, தொழுதுட்டுப் போகட்டும்."

என் பாவாடையில் ஒரு நாளும் தீ பிடித்ததில்லை. செக்ரட்டரி அம்மாள் ஐயோ பாவம் என்று கைவிளக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நான் தள்ளி நின்று கும்பிட்டேன். நிமிர்ந்தபோது மாமி உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்காமல் சரஸ்வதியைப் பார்த்துக்கொண்டு. அவள் காப்பாற்றியது என்னையா, விளக்கையா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒப்பித்தல் எப்படிப் போயிற்று என்று நினைவில்லை. வாய் தானாகச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு கேள்வி. நடுவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற ஜட்ஜ், வேடிக்கையாகப் பேசுவதில் தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை அறிந்தவர். மற்றப் பெண்களிடம் ஆரோக்கியம், சிக்கனம் என்று கேட்டார். என் முறை வந்ததும் முன்னால் சாய்ந்தார்.

"நெருப்பைக் கண்டு நடுங்குகிற பெண் நாளைக்குப் புருஷன் வீட்டில் அடுப்பை எப்படி மூட்டுவாள்?" என்றார் இங்கிலீஷில். சபை சிரித்தது.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்றால் மார்க் போயிற்று. தெரியும், இன்று காலையில்கூடச் சமைத்தேன் என்றால், முதல் வரிசையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். விலக்கான பெண் வைத்த சாதத்தைச் சுவாமிக்குக் காட்டி, அப்பா சாப்பிட்டிருக்கிறார் என்று அவளுக்கு நானே மேடையேறி அறிவித்ததாக ஆகும்.

பதிலைத் தாய்மொழியிலும் சொல்லலாம், இங்கிலீஷிலும் சொல்லலாம் என்று விதி இருந்தது. நான் தமிழில்தான் தயார் செய்திருந்தேன். மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. இங்கிலீஷில் சொன்னேன்:

"அடுப்பு மூட்ட எனக்குப் பயமில்லை, ஐயா. இன்று காலை எங்கள் வீட்டில் நான்தான் சமைத்தேன். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூட்டுவதுதான் பயம்."

ஜட்ஜ் மேஜையைத் தட்டிச் சிரித்தார். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் முதலிலும், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். மாமி மட்டும் இடமும் வலமும் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

கடைசியில் செக்ரட்டரி அம்மாள் வாசித்த பெயர் என்னுடையது. கைதட்டினார்கள். ஒரு உறையைக் கையில் கொடுத்து, உள்ளே சம்மதப் பத்திரம் இருக்கிறது, அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் செல்லும் என்றாள். நாயர் பெண் என் தோளைத் தட்டி, "கொழந்தை ஜயிச்சு" என்றாள். அவள் கை பட்டதும் திடுக்கிட்டு விலகினேன். பிறகுதான் அவளும் என்னைப் போலத்தான் இருக்கிறாள், பாதகமில்லை என்று உறைத்தது. அன்று முழுவதும் பயமில்லாமல் நான் தொட்டிருக்கக்கூடிய ஒரே மனுஷி அவள்தான்.

திரும்பும்போது மாமி வண்டியின் மறு ஓரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். கடைத்தெரு தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த ஜட்ஜுகிட்டே என்னமோ சொன்னியே. எல்லாரும் சிரிச்சா."

"பயத்தை விடக் கத்துக்கறேன்னு சொன்னேன், மாமி."

"இதுக்கா சிரிச்சா? இங்கிலீஷ்லே சிரிக்கறதுக்கு ரொம்ப ஒண்ணும் வேண்டாம் போலிருக்கு."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"ஏண்டி, இன்னிக்கு உங்காத்துலே யார் சமையல்?"

நான் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை சொல்லத் தைரியம் வரவில்லை. மாமி பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு, வெளியே திரும்பி, "சரி" என்றாள். அந்த 'சரி'யை நான் வீடு வரைக்கும் எத்தனை விதமாக அர்த்தம் பண்ணிப் பார்த்தேன் என்று சொல்லமுடியாது. எல்லா அர்த்தமும் கல்லிடைக்குறிச்சிக்கே போய்ச் சேர்ந்தது.

விளக்கு வைத்துவிட்ட நேரம். அப்பா கூடத்தில் இருந்தார்.

"ஜெயிச்சுட்டா உங்க பொண்ணு" என்றாள் மாமி, நிலைப்படிக்கு உள்ளே வந்து. "ஜட்ஜே சிரிச்சார்னாப் பாத்துக்கோங்கோ."

"எல்லாம் பகவான் செயல். உங்களுக்குத்தான் சிரமம். இருங்கோ, ஒரு வாய் காப்பி சாப்பிட்டுட்டுப் போகலாம்." அப்பா என் பக்கம் திரும்பினார். "போய்க் கொண்டு வா."

அடுக்களையில் பால் காயும்வரை நின்றேன். பின்கட்டிலிருந்து அம்மா ஒரு சத்தமும் காட்டவில்லை; மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். மாமிக்குத் தெரியும். தெரிந்தவள் நான் போட்ட காப்பியைக் குடிக்கமாட்டாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீட்டு வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சொன்னதாக அப்பாவுக்குப் புரிந்துவிடும்; கோர்ட்டில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர், பேச்சில் விட்டுப்போனதைப் பிடிப்பதில் நிபுணர். அவர் சொன்ன அந்த 'ஒரு வார்த்தை' தெருவிலிருந்து அல்ல, எங்கள் கூடத்திலேயே வந்துவிடும்.

டபராவையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனேன். கீழே வைக்கலாம் என்று தோன்றியது. வைத்தால் ஏன் என்று அப்பா பார்ப்பார். நேராக நீட்டினேன். டம்ளர் டபராவில் கிடந்து கிணுகிணுவென்று அடித்தது.

மாமி அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பேப்பரை மடித்து வைத்துவிட்டு. எனக்குக் கை வலித்தது.

வாங்கிக்கொண்டாள். ஆற்றினாள், தேவைக்கு அதிகமாகவே. தலையை அண்ணாந்து, ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் ஊற்றிக்கொண்டாள்.

"சர்க்கரை ஜாஸ்தியாக்கும்" என்றாள். "வரட்டுமா?"

அவள் தெருவைக் குறுக்கே கடந்து போவதை நிலைப்படியிலிருந்து பார்த்தேன். வீட்டுக்குள் போகவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே கொல்லைப் பக்கம் போனாள். சற்று நேரத்தில் எதிர்வீட்டுக் கிணற்று ராட்டினம் கிறீச்சிட ஆரம்பித்தது. ஒரு குடம், இன்னொரு குடம், தலையில் தண்ணீர் விழுகிற சத்தம். தீட்டுப் பட்டாலொழிய அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாரும் குளிப்பதில்லை. எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். ராட்டினம் நிற்கும்வரை இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நின்ற பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உறைக்குக் கையை நீட்டினார்.

"எங்கே கையெழுத்துப் போடணும்?"

காட்டினேன். விரல் தப்பான கோட்டில் போய் நின்றது. சரியான கோட்டை அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.